ஊர் நலத்தில் சேரியின் பங்கு

‘மக்கள் பங்கேற்பு’ என்னும் தொடர் இன்று அரசாணைகளிலும் மருத்துவர் மாநாடுகளிலும் ஓயாது ஒலிக்கிறது. நலவாழ்வுத் துறை வலுப்பெற வேண்டுமாயின் மக்கள் அதில் பங்கு கொள்ளுதல் வேண்டும் என்று அனைவரும் ஒருமுகமாகக் கூறுகின்றனர். நல்ல கருத்துத்தான். ஆயினும் இதனைக் கேட்குந்தோறும் நம் மனத்தில் ஒரு வினா எழுகிறது. மக்கள் என்று இங்கே குறிக்கப்படுவோர் யாவர்? ‘ஊரார் கூடி முடிவெடுத்தனர்’ என்று ஏட்டில் எழுதப்படும்போது அந்த ஊரினுள் சேரி அடங்குகிறதா?

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலரில் மருத்துவ வரலாறு ஏன் என்று சில இளைஞர்கள் கேட்கக்கூடும். எழுத்தறிவும் உடல்நலமும் நமக்கு ஒரே கதவின் வழியே மறுக்கப்பட்டவை. ஒரே கதவின் வழியே வந்து சேர்ந்தவை. ஆதலின் ஆரணியைச் சூழ்ந்த பழைய வடஆர்க்காட்டு மாவட்டத்தை நடுவாக வைத்து, இப்பங்கேற்பின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஊரின் நலத்தைக் காக்கும் பணியில் நம் முன்னோர் பங்கேற்காத காலமே கிடையாது. சென்னை மாகாணத்தில் 1899-ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது. கிராம அதிகாரிகள் கணக்கெழுத வேண்டும் என்று ஏற்பட்டது. ஆனால் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தது, எந்த வீட்டில் உயிர் பிரிந்தது என்ற செய்தியைக் கொண்டு வந்து சேர்த்தவர் யார்? வெட்டியானும் தலையாரியுமே. வாந்திபேதி கண்ட செய்தியை மேலதிகாரிக்குச் சேர்ப்பிக்க இரவென்றும் பகலென்றும் பாராது நடந்தவர்கள் அவர்களே. நோயில் இறந்தோரைச் சுமந்து புதைத்தவர்களும், பறையறைந்து ஊருக்கு எச்சரிக்கை செய்தவர்களும் அவர்களே. பிள்ளைப்பேற்றின்போது பல ஊர்களில் கொடியறுத்தலும் தீட்டெனக் கருதப்பட்ட பிற வேலைகளும் சேரிப் பெண்களுக்கும் நாவிதர் குலப் பெண்களுக்கும் விடப்பட்டிருந்தன. நகரங்களில் மலக்கூடை சுமந்தவர் யார் என்பதை நாம் எழுதத் தேவையில்லை.

இத்தனையும் பங்கேற்பு அல்லவா? உழைப்பில் முழுப் பங்கு. முடிவில் ஒரு சிறிதும் இல்லை. பதிவேட்டில் கையெழுத்திட்டவர் முன்சீப். செய்தி கொண்டுவந்தவர் திண்ணைக்குக் கீழே நின்றார். கிராம முன்சீப், கர்ணம் ஆகிய பரம்பரைப் பதவிகள் தமிழகத்தில் 1980-இல்தான் ஒழிக்கப்பட்டன என்பதை இளைஞர்கள் நினைவிற் கொள்ளுதல் நன்று. நம்மில் முதியோர் பலர் அந்தத் திண்ணையை நேரில் கண்டவர்கள்.

உடல்நலத்தின் முதற்படி தண்ணீர். ஊர்க் கிணறும் குளமும் மறுக்கப்பட்ட மக்கள், மழைநீர் தேங்கிய பள்ளங்களிலும் வாய்க்காலிலும் மொண்டு குடித்தனர். வாந்திபேதி முதலில் சேரிக்குள் புகுந்ததென்றால் அதற்குக் காரணம் சேரியின் ‘அழுக்கு’ என்று அன்றைய படித்தவர் பேசினர். காரணம் கிணறு என்பதை நம் தலைவர்கள் அறிந்திருந்தனர். இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சென்னைச் சட்டமன்றத்தில் 1924-ஆம் ஆண்டு கொண்டுவந்த தீர்மானத்தின் வழியே, பொதுச் சாலை, கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றை அனைவரும் பயன்படுத்தலாம் என்று அரசு அறிவித்தது. மூன்றாண்டு கழித்து, 1927 மார்ச்சுத் திங்களில், மராட்டிய நாட்டு மகாத் நகரில் அண்ணல் அம்பேத்கர் குளத்து நீரைத் தம் கையால் அள்ளிப் பருகினார். 1938-இல் எம்.சி. இராசா அவர்களின் முயற்சியால் சென்னை மாகாணத்தில் குடிமை உரிமைத் தடைகளை நீக்கும் சட்டம் நிறைவேறியது. 1939-இல் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. இந்தியாவில் இத்துறையில் முன்னோடியான சட்டம் என்று இதனைப் போற்றுவர். போற்றட்டும். ஆயினும் நம் கணக்கில் 1924-ஆம் ஆண்டுத் தீர்மானமும் ஒரு பொதுச் சுகாதாரச் சட்டமே. மருத்துவ வரலாற்று நூல்கள் அதனைச் சேர்ப்பதில்லை. நாம் சேர்க்க வேண்டும்.

இன்னொன்றையும் ஈண்டுக் குறிப்பிடல் தகும். ‘தமிழன்’ இதழை நடத்திய அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) தேர்ந்த சித்த மருத்துவர். மருத்துவ அறிவு என்றும் மேலிருந்து கீழே வந்தது என்று எண்ணுவோருக்கு அவர் வாழ்க்கையே விடை.

இனி நம் மாவட்டத்திற்கு வருவோம். அமெரிக்க ஆர்க்காட்டு மிஷன் 1853-இல் தோன்றியது. அதன் தொடக்கக்கால நிலையங்களுள் நம் ஆரணியும் ஒன்று. அம்மிஷன் மரபில் வந்த ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1902-இல் வேலூரில் மகளிர் மருத்துவமனையைத் திறந்தார். 1909 முதல் மோட்டார் வண்டியில் ஊர் ஊராகச் சென்று சாலையோர மருத்துவம் செய்தார். 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். மரத்தடியில் வண்டி நிற்க, காத்திருந்த கூட்டத்தில் எல்லாச் சாதியாரும் இருந்தனர். இது சிறிய செய்தியன்று. ஆனால் வண்டி எங்கே நிற்க வேண்டும், எந்நாளில் வர வேண்டும் என்பன மருத்துவமனை முடிவு செய்தவை. நம் மக்கள் அங்கே நோயாளிகள், கருணைக்கு உரியவர்கள். பங்காளிகளாக அவர்களை எண்ணும் காலம் அப்போது பிறக்கவில்லை.

அக்காலம் முதலில் தாளில்தான் பிறந்தது. 1943-இல் அமைக்கப்பட்டு 1946-இல் அறிக்கை தந்த போர் குழு, ஒவ்வொரு கிராமத்திலும் ஐவர் முதல் எழுவர் வரை கொண்ட நலக்குழு அமைய வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்த எழுவருள் சேரியிலிருந்து ஒருவரேனும் அமர முடியுமா, அக்குழு கூடும் இடத்திற்குள் அவர் நுழையவேனும் முடியுமா என்ற ஐயம் நமக்கு எழுகிறது. 1946-ஆம் ஆண்டின் வடஆர்க்காட்டுக் கிராமம் ஒன்றை மனக்கண்ணால் காண்போர்க்கு விடை கடினமாக இராது.

சோவியத் நாட்டின் அல்மா அட்டா நகரில் 1978 செப்டம்பரில் 134 நாடுகளின் பேராளர்கள் கூடினர். தங்கள் நலப்பணியைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்கு கொள்வது மக்களின் உரிமையும் கடமையும் ஆகும் என்று அங்கே அறிவிக்கப்பட்டது. அதற்கு ஓராண்டு முன்னரே, 1977 அக்டோபரில், மைய அரசு ஊருக்கொரு நலப்பணியாளரைத் தேர்ந்தெடுக்கும் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. தமிழகம் அதில் சேரவில்லை. சென்னையில் 1958-இல் தன்னார்வ மருத்துவப் பணி நிறுவனத்தைத் தோற்றுவித்த டாக்டர் கே.எஸ். சஞ்சீவி அவர்களின் சிறு நலவாழ்வு மையங்களையே மாதிரியாகக் கொண்டது. ஏறத்தாழ ஐயாயிரம் பேருக்கு ஒரு மையம். குடும்பங்கள் சிறு தொகை செலுத்தும். உள்ளூர்க் குழு மேற்பார்க்கும். திட்டம் செம்மையானதே. ஆனால் தொகை செலுத்துவோரே பங்காளி என்றால், கூலி கிடைத்த நாளில் மட்டும் உலை வைக்கும் வீடு எந்தக் கணக்கில் சேரும்? கட்டணம் சிறிதாயினும் அது ஒரு வேலி. இது நம் கருத்து, மாறுபடுவோர் இருக்கலாம்.

இக்காலத்தில் நம் பக்கத்திலேயே நடந்த இரு முயற்சிகளை விரிவாகக் காண்பது பயன் தரும். ஆரணியிலிருந்து கண்ணமங்கலம் வழியே வேலூருக்குப் பேருந்தில் செல்வோர் கணியம்பாடியைக் கடந்தே செல்வர். அந்த ஒன்றியத்தைத்தான் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சமூக நலவாழ்வுத் துறை தன் பணிக்களமாக ஏற்றுக்கொண்டது. ஏற்பாடு நான்கு அடுக்குகளால் ஆனது. மேலே மருத்துவர், அடுத்துச் செவிலியர், அடுத்து நலவாழ்வு உதவியாளர், அடித்தளத்தில் அவ்வூரைச் சேர்ந்த பெண் ஒருவர், பகுதிநேரப் பணியாளர். யார் கருவுற்றிருக்கிறார், எந்தக் குழந்தைக்கு ஊசி போடவில்லை, யார் இறந்தார், எதனால் இறந்தார் என்பதெல்லாம் இப்பெண்ணின் வாய்வழியே மேலே சென்றன. 1980-களில் இவை கணிப்பொறியில் ஏற்றப்பட்டன. கிராமத்துப் பெண் சொன்ன சொல், ஏறத்தாழ ஒரு லட்சம் பேரின் கணக்காக மாறிற்று.

இக்கணக்கு என்ன செய்தது என்பதற்குத் துயரமான சான்று ஒன்றுண்டு. 1994 முதல் 1999 வரை அவ்வொன்றியத்தில் நேர்ந்த இறப்புகளை, உற்றாரைக் கேட்டறிந்து ஆராய்ந்தபோது, தற்கொலையால் இறந்தோர் தொகை தேசியக் கணக்கைப் போலப் பல மடங்கு என்பது வெளிப்பட்டது. 2003-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இது வெளியாயிற்று. 10 முதல் 19 வயது வரையுள்ளோரைத் தனியே நோக்கிய ஆய்வு மறு ஆண்டு வெளிவந்தது. அவ்வயதுப் பெண்களின் தற்கொலை விகிதம் ஆண்களினும் இரு மடங்கிற்கு மேற்பட்டிருந்தது. காவல் நிலையத்தில் ‘வயிற்றுவலி’ என்று எழுதி முடிக்கப்படும் சாவு, அண்டை வீட்டுப் பெண்ணின் முன்னே தன் உண்மைப் பெயரைப் பெறுகிறது. ஊரின் உண்மை ஊருக்குள் இருப்பவருக்கே தெரியும் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை. பண்டு வெட்டியான் கொண்டுவந்த செய்தியும் இத்தகையதே. அன்று அதன் மதிப்பை அறிந்தவர் இலர்.

மற்றொரு முயற்சி காட்பாடிக்கும் குடியாத்தத்திற்கும் இடைப்பட்ட கே.வி. குப்பத்தில் நடந்தது. 1977-இல் டாக்டர் தலீப் முகர்ஜி தலைமையில், அதே கல்லூரியின் கிராம நலவாழ்வு மற்றும் சமூகப் பணி மையம் அங்கே நிறுவப்பட்டது. ‘ருசா’ என்றால் அப்பகுதியில் அறியாதார் இலர். மருந்து மட்டும் கொடுத்து நோயை ஓட்ட முடியாது. வேலையும் வருவாயும் வேண்டும் என்பது இம்மையத்தின் அடிப்படைக் கருத்து. ஆகவே கால்நடை வளர்ப்பும் தொழிற்பயிற்சியும் மாதர் குழுக்களும் மருத்துவத்தோடு ஒருங்கே நடந்தன. குடும்ப நலத் தொண்டர் என்ற பெயரில் உள்ளூர்ப் பெண்கள் பணியாற்றினர்.

இவ்விரண்டையும் எவ்வாறு மதிப்பிடுவது? பயனைக் கேட்டால் ஐயமின்றிப் பெரும்பயன். குழந்தைச் சாவு குறைந்தது. பேறுகால மரணம் குறைந்தது. தமிழகம் முழுமையுமே இவ்வழியில் முன்னேறியது: 1971-இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 ஓராண்டிற்குள் இறந்தன, 2020-இல் அது 13 ஆகக் குறைந்தது. இம்மாற்றத்தில் கிராம சுகாதாரச் செவிலியரின் கால்நடையும், 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவும், பெண்கல்வியும் சேர்ந்தே பங்கு பெற்றன. ஆனால் பங்கேற்பைக் கேட்டால் விடை சற்றுத் தயங்குகிறது. அழைத்தது மருத்துவமனை; அமைத்தது மருத்துவமனை; பணம் வந்த வழி மக்களின் கையில் இல்லை. அழைப்பவர் நல்லவராக இருக்கும்வரை எல்லாம் நன்று. அழைப்பு நின்றால்? எனினும் ஒரு செய்தி நம் கருத்தைக் கவர்கிறது. பகுதிநேரப் பணியாளராகச் சேரிப் பெண் ஒருவர் அமரும் இடத்தில், செவிலியரும் மருத்துவரும் அவர் வீட்டுத் தெருவிற்கு வந்தே தீர வேண்டும். பணியாளர் ஊர்த்தெருவில் மட்டும் இருந்தால், சேரிக்கு வந்தாரா வரவில்லையா என்பது ஏட்டிலே தெரியாது. நூறு கூட்டங்கள் செய்யாததை ஒரு நியமனம் செய்யும்.

அழைப்பை நம்பியிராத பங்கேற்பிற்குச் சட்டம் வேண்டும். 73-ஆம் அரசியல் சட்டத் திருத்தமும், 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் அதனைத் தந்தன. ஊராட்சித் தலைவர் நாற்காலி ஒதுக்கீட்டால் நம் மக்களுக்கு வந்தது. 1996-இல் தேர்தல் நடந்தது. அந்த நாற்காலியின் விலை என்ன என்பதை மதுரை மாவட்டத்து மேலவளவு நமக்குக் காட்டிற்று. ஊராட்சித் தலைவர் முருகேசன் அவர்களும் உடன் சென்ற ஐவரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டனர். அதே மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் 2006 வரை தேர்தலை முறையாக நடத்தவே இயலவில்லை. நலவாழ்வுக் குழுக்களைப் பற்றிப் பேசும் அறிஞர் பலர் இந்நிகழ்ச்சிகளை அரசியல் என்று ஒதுக்கிவிடுவர். நாம் ஒதுக்க இயலாது. ஏனெனில் 2005-இல் தேசிய ஊரக நலவாழ்வு இயக்கம் தோன்றி, ஊர்தோறும் நலவாழ்வு, துப்புரவுக் குழு அமைக்கப்பட்டபோது, அதன் தலைமை தமிழகத்தில் ஊராட்சித் தலைவருக்கே வந்தது. ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் நிதியும், தலைவரும் செவிலியரும் சேர்ந்து இயக்கும் வங்கிக் கணக்கும் ஏற்பட்டன. நாற்காலியில் அமர முடியாதவர் காசோலையில் எவ்வாறு கையெழுத்திடுவார்?

அவ்வியக்கத்தின் கீழ், 2007 முதல் ஒன்பது மாநிலங்களில் மக்கள் கண்காணிப்பு என்னும் முறை சோதித்துப் பார்க்கப்பட்டது. தமிழகத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து மாவட்டங்களுள் வேலூரும் ஒன்று. ஊர் மக்களே வினாத்தாள் கொண்டு விசாரித்து, ஆரம்ப சுகாதார நிலையத்தின் பணிகளுக்கு வண்ணம் இடுவர். நன்றெனில் பச்சை, நடுத்தரமெனில் மஞ்சள், குறையெனில் சிவப்பு. எழுதப் படிக்கத் தெரியாதவரும் தாளைப் பார்த்த அளவில் ஊரின் நிலையை அறியலாம். பிறகு அந்த அட்டையை வைத்துக்கொண்டு மருத்துவப் பணியாளரும் மக்களும் எதிரெதிரே அமர்ந்து பேசுவர். எளிய கருவிதான், ஆனால் மதிப்பெண் இடும் கை இடம் மாறிவிட்டது. இதுவரை நம்மை எண்ணியவர்களை நாம் எண்ணுகிறோம். அதே வேளையில் ஒரு குறையையும் கூற வேண்டும். ஊர் முழுமைக்கும் ஒரே அட்டை எழுதினால், ஊர்த்தெருவின் பச்சை சேரியின் சிவப்பை மறைத்துவிடும். சேரிக்குத் தனி அட்டை வேண்டும் என்று கேட்பது பிரிவினை அன்று, கணக்கை நேராக்குதல்.

நம் ஆரணியின் நிலை கிராமத்தினும் சிக்கலானது. கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த இந்நகரம் பட்டாலும் அரிசியாலும் பெயர் பெற்றது. 1973 முதல் இந்நகரின் பொருளாதாரத்தை ஆராய்ந்துவரும் பார்பரா ஹாரிஸ்-ஒயிட் அம்மையாரால் உலக ஆய்வாளரும் ஆரணியை அறிவர். ஆனால் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு நாள் முழுதும் குனிந்திருப்பவரின் இடுப்பு வலியையும், ஜரிகையை உற்று நோக்கி மங்கும் கண்ணையும், சாயத் தொட்டியில் ஊறிய கையையும், நெல் ஆலைத் தூசி அடைத்த மார்பையும் எண்ணிய கணக்கு எது? கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினரானவருக்குக் காப்பீடும் உதவியும் ஓரளவு எட்டுகின்றன. சொந்தத் தறியின்றிக் கூலிக்கு நெய்பவரும், நூல் முறுக்கும் பெண்ணும் பெரும்பாலும் பட்டியலின் வெளியே நிற்கின்றனர். அவர்களுள் நம் மக்களும் உண்டு.

நகரின் நலத்தைத் தம் உடலால் தாங்குவோர் துப்புரவுத் தொழிலாளர். கையால் மலம் அள்ளும் பணியைத் தடுக்கும் சட்டம் 1993-இலும், மேலும் கடுமையாக 2013-இலும் இயற்றப்பட்டது. 2020-இல் கொரோனா நாளில் ‘தூய்மைப் பணியாளர்’ என்று அரசு அவர்களுக்குப் புதுப்பெயர் சூட்டியது. பெயர் நன்றாகவே இருக்கிறது. கையுறை எத்தனை நாளைக்கு ஒரு முறை மாற்றப்படுகிறது, சாக்கடையில் இறங்குவோருக்கு மருத்துவச் சோதனை ஆண்டுக்கு எத்தனை முறை நடக்கிறது என்று கேட்டால்தான் பெயரின் பொருள் விளங்கும்.

கேட்பதற்கான இடமும் இப்போது சட்டப்படி உண்டு. ஊராட்சிகளில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள்களில் கூட வேண்டும்: சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரங்களில் 2022 நவம்பர் முதல் நாள் தொட்டுப் பகுதி சபைகள் தொடங்கப்பட்டன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், மகளிர் குழுக்களிலிருந்து வந்த பெண்களே சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்பிற்கும் உரிய மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டு வருகின்றனர். கணியம்பாடியில் கண்ட அந்தப் பகுதிநேரப் பணியாளரின் தங்கை இவர் எனலாம். நம் தெருவிற்கு வருபவர் நம் தெருவினரா, வாசலில் நின்று கொடுக்கிறாரா, உள்ளே வந்து அமர்ந்து அளவு பார்க்கிறாரா என்பதை நம் இளைஞர் ஒரு நோட்டில் குறித்து வைக்கலாம். அடுத்த சபையில் நலவாழ்வுக் குழுவின் வரவு செலவும், அக்குழு உறுப்பினர் பட்டியலும் படிக்கப்பட வேண்டும் என்று எழுத்து மூலம் கேட்கலாம். பட்டியலில் நம் தெருவினர் பெயர் இருந்தால், எத்தனை கூட்டத்திற்கு அவருக்கு அழைப்பு வந்தது என்பதை அவரிடமே நேரிற் கேட்டுக் குறிப்பில் எழுதிக்கொள்ளலாம்.